வேலைக்காரி முதல் கண்ணம்மா வரை

ஆயிரம் படங்கள்! ஆச்சி! பெண் சிவாஜி! மனோரமா என்ற பெயரைக் கேட்டவுடன் நம் நாட்டார் நாவில் வரிசையாக வந்து நிற்கும் சொற்கள் இவை மூன்றும். 2015 அக்டோபர் 10 அன்று சென்னையில் அவர் கண்மூடியபோது எழுந்த இரங்கலுரைகளைப் புரட்டிப் பாருங்கள். இம்மூன்றையும் நீக்கிவிட்டால் பல உரைகளில் எஞ்சுவது பெருமூச்சு மட்டுமே. எண்ணிக்கையைக் கண்டு வியந்தார்கள், உறவு சொல்லிக் கலங்கினார்கள், ஆண் நடிகர் ஒருவரோடு ஒப்பிட்டு மகிழ்ந்தார்கள். அவர் நடித்தது எப்படி, நடித்தது யாரை, அந்த நடிப்பால் நாட்டுக்குக் கிடைத்தது என்ன என்று கேட்டவர்கள் சிலரே.

எண்ணிக்கையைக் கண்டு கைகூப்புவது, கோபுரத்தின் உயரத்தைக் கண்டு கைகூப்புவதற்கு ஒப்பானது. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கத் துணிந்தவர்கள் நாம். கலையுலகின் கோபுரத்தை மட்டும் கேள்வியின்றி விட்டுவிடலாமா? ஆயிரத்தைத் தாண்டிய படங்கள் என்கிறார்கள். அவற்றுள் அவருக்கெனக் கதை எழுதப்பட்டவை எத்தனை? விரல்விட்டு எண்ணினால் சில விரல்கள் மீதமிருக்கும். அதுதான் ஆராய வேண்டிய கணக்கு.

மற்றொரு பெருமையும் சொல்வார்கள்: அண்ணா, கலைஞர், எம்.ஜி.ஆர்., செல்வி ஜெயலலிதா, ஆந்திரத்து என்.டி. ராமராவ் ஆக ஐந்து முதலமைச்சர்களுடன் மேடையிலோ திரையிலோ நடித்தவர் என்று. உண்மைதான். ஆனால் அது முதலமைச்சர்களின் வரலாறு. மனோரமாவின் வரலாறு அதனினும் சுவையானது. "பெண் சிவாஜி" என்ற பட்டமோ இன்னும் விந்தை. நடிப்பை அளக்க ஓர் ஆண்மகனையே முழக்கோலாக நிறுத்தி, பெண்ணொருத்தி அதற்கு எவ்வளவு எட்டினாள் என்று பார்க்கிறார்கள். புகழுரைதான், தீய எண்ணம் இல்லை. எனினும் கேட்கிறேன்: சிவாஜி கணேசனை எவரேனும் "ஆண் மனோரமா" என்று சொன்னதுண்டா?

1937 மே 26இல் மன்னார்குடியில் பிறந்த கோபிசாந்தா என்னும் சிறுமி, தந்தையின் அரவணைப்பை இழந்த நிலையில் தாயோடு செட்டிநாட்டுப் பள்ளத்தூருக்கு வந்து சேர்ந்தாள். தாய் பிறர் வீட்டு வேலை செய்து பிள்ளையை வளர்த்தாள். வறுமை பள்ளிக்கூடத்தின் கதவைச் சாத்தியது. மகள் பன்னிரண்டு வயதை ஒட்டி நாடகமேடை ஏறினாள். அந்த வயதுச் சிறுமியருக்கு நாள்தோறும் பாடம் நடத்தும் எனக்கு இந்தச் செய்தியை விரைந்து படித்துக் கடக்க இயலவில்லை. ஏட்டில் பெயர் எழுதி, வருகை குறிக்க வேண்டிய வயதில், ஊர் ஊராகச் சென்று இரவெல்லாம் பிறர் எழுதிய வசனத்தைப் பேசிப் பொருள் ஈட்ட வேண்டியதாயிற்று. மனோரமா என்ற பெயரும் நாடகக் குழுவினர் இட்டதே. பின்னாளில் மணவாழ்வும் நிலைக்கவில்லை. மகனை வளர்க்கும் பொறுப்பும் தனியே அவர் தோளில் விழுந்தது. இவற்றைக் கண்ணீர்க் கதையாக்கும் நோக்கம் எனக்கில்லை. வீட்டுவேலை செய்த தாயின் மகள் அவர் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், தோழர்களே. மேலே அது பயன்படும்.

1950களின் நாடக மேடை எப்படிப்பட்டது என்பதை இளைஞர்களுக்கு நினைவூட்ட வேண்டும். ஒலிபெருக்கி ஊளையிடும் கொட்டகை. மண்ணில் அமர்ந்த மக்கள். மேடையிலோ அடுக்கடுக்கான தமிழ். கருத்தைக் கனலாக்கி வீசிய வசனம் அது. மூச்சு பிடிக்கத் தெரியாதவர் அதன் முன் நிற்க முடியாது. எஸ்.எஸ். ராஜேந்திரனின் நாடக மன்றத்தில் கலைஞரின் 'மணிமகுடம்'. கலைஞரே கதைத் தலைவனாக வேடமேற்ற 'உதயசூரியன்'. அண்ணாவின் 'வேலைக்காரி', 'ஓர் இரவு'. இந்த மேடைகளில் வளர்ந்தவர் மனோரமா. பள்ளி கொடுக்காத தமிழை மேடை கொடுத்தது. பிற்காலத்தில் எந்த வசனமும் அவர் வாயில் இடறாமைக்கு வேர் அங்கே இருக்கிறது. சொல் எங்கே தொடங்குகிறது, எங்கே உயர்கிறது, எந்த இடத்தில் கூட்டம் ஆரவாரிக்கும், அந்த ஆரவாரம் அடங்க எத்தனை நொடி காத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் ஒலிபெருக்கியின் முன் நின்று கற்ற பாடங்கள்.

'வேலைக்காரி' என்ன செய்தது? அமிர்தம் என்னும் பணிப்பெண்ணுக்கும் ஜமீன்தார் மகனுக்கும் மலர்ந்த காதலை, ஊரறிய, உரக்க, நியாயம் என்று நிறுவியது. பணிப்பெண்ணை நாடகத்தின் தலைப்பிலேயே ஏற்றி வைத்தது. பாத்திரம் துலக்குபவளுக்கும் பாத்திரம் உண்டு என்று காட்டிய நாடகம் அது. அத்தகைய மேடையில் நின்ற பெண், வெள்ளித்திரைக்குச் சென்றதும் என்ன ஆனாள்?

1958இல் கண்ணதாசனின் 'மாலையிட்ட மங்கை' படத்தில் நகைச்சுவை வேடம் கிடைத்தது. அந்த வேடத்தை ஏற்கத் தயங்கியதையும், கதாநாயகியாக நடித்தால் சில ஆண்டுகளே நீடிக்கலாம், நகைச்சுவை வேடமென்றால் நெடுங்காலம் நிலைக்கலாம் என்று கவிஞர் தமக்கு எடுத்துச் சொன்னதையும் மனோரமாவே பேட்டிகளில் நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார். நல்லெண்ணத்தோடு சொன்ன அறிவுரை. காலம் அதை மெய்ப்பித்தும் விட்டது. அந்த அறிவுரைக்குள் அடங்கியிருக்கும் கொடுமையைச் சற்றே பிரித்துப் பாருங்கள். கதாநாயகன் ஐம்பதிலும் அறுபதிலும் கல்லூரி மாணவனாக வரலாம். கதாநாயகிக்கு ஐந்தாறு ஆண்டுகளில் ஆயுள் முடிந்துவிடும். பெண் திரையில் நெடுநாள் வாழ விரும்பினால், அழகி என்ற தகுதியைத் தானே துறந்து, பிறர் சிரிப்புக்குப் பொருளாக இசைய வேண்டும். கலையுலகின் எழுதாச் சட்டம் இது. 1963இல் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த 'கொஞ்சும் குமரி'யில் ஆர்.எஸ். மனோகருக்கு இணையாகக் கதாநாயகியாகவே நடித்தார் மனோரமா. அந்தக் கதவு பெரும்பாலும் அதோடு சாத்தப்பட்டது. மேடையில் தலைவியாக நின்று கைதட்டல் வாங்கியவருக்குத் திரையில் தோழியின் இடமே நிலைத்தது.

சிரிப்பு இழிவானது என்று சொல்ல வரவில்லை. கலைவாணரின் நாட்டில் அப்படிச் சொல்ல எவருக்கு நா எழும்? என்.எஸ். கிருஷ்ணனோடு டி.ஏ. மதுரம் அம்மையார் நின்றபோது, அவர் வெறும் இணையாக நின்றாரில்லை. எதிர்வழக்காடினார், மடக்கினார், கேள்வி கேட்டார். அந்தச் சிரிப்பில் சிந்தனை இருந்தது. 1957இல் கலைவாணர் மறைந்தார். மறு ஆண்டு மனோரமா திரைக்கு வந்தார். அதற்குள் நகைச்சுவையின் போக்கு மாறத் தொடங்கிவிட்டது. கதையிலிருந்து கழற்றி எடுக்கக்கூடிய தனிப் பகுதியாகச் சிரிப்பு ஒதுக்கப்பட்டது. அப்பகுதியில் பெண்ணுக்குக் கொடுத்த வேலை என்ன? கணவனை அதட்டுவது, அடிவாங்குவது, அறியாமையால் உளறுவது, உருவத்தைக் காட்டிச் சிரிக்கவைப்பது. நாகேஷ், சோ, தேங்காய் சீனிவாசன், சுருளிராஜன் என்று இணை மாறிக்கொண்டேயிருந்தது; பெண்ணுக்கு எழுதிய ஏடு பெரும்பாலும் மாறவில்லை. மனோரமா நடித்த படங்களில் ஒரு பெரும்பகுதி இத்தகையதே. அவர்மீது கொண்ட அன்பால் இதை மறைப்பது திறனாய்வாகாது.

அந்த ஒடுங்கிய இடத்தில் நின்று அவர் செய்த அருஞ்செயல் ஒன்று உண்டு. மக்களின் பேச்சைத் திரையில் ஏற்றினார்.

செந்தமிழ் மேடையில் பழகியவர் சேரித் தமிழும் பேசினார். 1968இல் வந்த 'பொம்மலாட்டம்' படத்தில் அவரே சொந்தக் குரலில் பாடிய சென்னைத் தமிழ்ப் பாட்டை இன்றும் தெருவில் கேட்கலாம். முந்தைய ஆண்டு 'அனுபவி ராஜா அனுபவி'யில் தூத்துக்குடிப் பேச்சு. 'சின்ன கவுண்ட'ரில் கொங்குநாட்டுக் கிழவியின் பேச்சு. "ஆச்சி" என்ற பெயரே, செட்டிநாட்டில் பெண்டிரை மதிப்போடு விளிக்கும் அச்சொல்லே, அந்த வட்டாரப் பேச்சு அவர் நாவில் அமர்ந்திருந்ததால் ஒட்டிக்கொண்டதுதான். கொச்சை, கொச்சை என்று முகம் சுளிப்போர் நம்மிலும் உளர். அவர்களுக்கு ஒன்று சொல்வேன். மீன் விற்பவள் பேசும் தமிழும் தமிழே. அதை ஏளனத்துக்காக மட்டும் திரையில் பயன்படுத்தியவர்கள் பலர். மனோரமாவின் வாயில் அது வேறாக ஒலித்தது. அவர் அந்தப் பேச்சைக் கேட்டிருந்தார். அந்தப் பேச்சுக்குரியவர்களோடு வாழ்ந்திருந்தார். சொல்லின் இழுப்பு, மூக்கைச் சுழிப்பது, இடுப்பில் முந்தானை செருகும் வேகம் ஆகிய மூன்றும் ஒன்றாக வந்தன. மேட்டுக்குடி நடிகை ஒருத்தி குப்பத்துப் பெண்ணாகும்போது சொல் மட்டும் மாறும், கை மாறாது. மனோரமாவுக்குக் கையும் மாறியது. எழுதியவர் ஏளனம் செய்ய நினைத்த இடத்திலும் ஒருத்தி உயிரோடு எழுந்து நின்றுவிடுவாள்.

ஏ.பி. நாகராஜனின் 'தில்லானா மோகனாம்பாள்' 1968இல் வந்தது. கொத்தமங்கலம் சுப்பு எழுதிய தொடர்கதையின் திரைவடிவம். சிவாஜியும் பத்மினியும் கலைச்செருக்கும் காதலுமாக மோதுகிறார்கள். இடையில் வருகிறாள் ஜில் ஜில் ரமாமணி, நாடகக்காரி. நாதசுரமும் பரதமும் பெற்ற மதிப்பில் நூற்றிலொரு பங்கும் பெறாத கலையைப் பிழைப்பாகக் கொண்டவள். எளிதில் கேலிப்பொருளாகி இருக்கக்கூடிய பாத்திரம். உடை மினுக்கம், பேச்சு குழைவு, நடை குலுக்கல், எல்லாம் சிரிக்கவைக்கவே அமைந்தவை. ஆனால் சண்முகசுந்தரத்தின் வாசிப்பைக் கேட்டு அவள் உருகும் கட்டத்தைப் பாருங்கள். அந்த ஓசை மெய்யாகவே அந்தக் குழலிலிருந்துதான் வருகிறதா என்று ஐயுறுவது போல் அவள் வியக்கிறாள். அரங்கம் சிரிக்கிறது. அச்சிரிப்பு அடங்குமுன் அவள் முகத்தில் வேறொன்று தோன்றுகிறது: உயர்ந்த கலையின் வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட ஒருத்தி, உள்ளே எரியும் விளக்கைப் பார்க்கும் பார்வை. நாடகக் கொட்டகையில் வளர்ந்த நடிகை நாடகக்காரியாக நடிக்கிறார். ஆதலால் அங்கே மிகையும் உண்மையாகிறது. நாடகக்காரியின் மிகை அது. மோகனாவின் துயரத்துக்குப் பாட்டும் ஆட்டமும் துணை நிற்கின்றன. ரமாமணியின் ஏக்கத்துக்குத் துணை அவள் முகம் ஒன்றே. இரண்டையும் ஒருசேரப் பார்த்தால், படத்தின் நடுவிடம் யாருக்குரியது என்ற ஐயம் எனக்கு எழுவதுண்டு.

இனி, வேலைக்காரிக்கு வருவோம். 1986இல் ஏவி.எம். நிறுவனம் எடுக்க, விசு எழுதி இயக்கிய 'சம்சாரம் அது மின்சாரம்'. தந்தைக்கும் மூத்த மகனுக்கும் பூசல். வீட்டின் நடுவே கோடு கிழிக்கிறார்கள். அந்த வீட்டுப் பணிப்பெண் கண்ணம்மா, மனோரமா. பிடிவாதக்காரர் ஒருவரை வழிக்குக் கொண்டுவர அவள் திடீரென்று வேறொருத்தியாக மாறி ஆடும் நாடகத்தை அறியாதார் இல்லை. என் மாணவர்கள் முழுப் படத்தைப் பார்த்ததில்லை. கைப்பேசியில் துணுக்காக அதைப் பார்த்து, வகுப்பறையில் நடித்துக் காட்டுகிறார்கள். அக்காட்சியில் தொழில்நுட்பம் இருக்கிறது. குரலை ஒரேயடியாக உயர்த்தாமல், அடுத்தவர் பேசத் தொடங்கும் நொடியில் மட்டும் உயர்த்தி, அவர் சொல்லை வாய்க்குள்ளேயே நிறுத்திவிடுகிறார். மேடையில் கற்ற காலக்கணக்கு அப்படியே வந்து நிற்கிறது.

இப்போது இரண்டு பணிப்பெண்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள். அண்ணாவின் நாடகத்தில் வேலைக்காரிக்கு ஒரு வாழ்வு இருந்தது, காதல் இருந்தது, அவளுக்காக உலகத்தைக் கேட்கும் கேள்வி இருந்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழிந்து வந்த கண்ணம்மாவுக்கு என்ன இருக்கிறது? அறிவு இருக்கிறது, துணிவு இருக்கிறது, வீட்டார் எல்லாரையும்விடக் கூர்மை இருக்கிறது. அத்தனையும் எதற்குப் பயன்படுகின்றன? எசமானர் வீட்டு உடைசலை ஒட்டவைக்க. அவள் வீடு எங்கே, அவள் கூலி என்ன, அவள் வீட்டில் யார் கோடு கிழித்தார்கள் என்று கதை திரும்பியும் பார்க்கவில்லை. படம் நன்மக்களால் பாராட்டப்பட்டது. தேசிய விருதும் பெற்றது. நானும் சிரித்தேன். சிரித்த பிறகு இந்தக் கேள்வி எழுந்தது. வீட்டுவேலை செய்த தாயின் மகள், தாயின் தொழிலையே வேடமாக ஏற்று, வேடத்துக்குள் தாயின் வாயாடித்தனத்தையும் தன்மானத்தையும் பெய்து வைத்தார். அதற்கொத்த கதையை எழுதித்தர எழுத்தாளருக்குக் கை வரவில்லை. குறை நடிகையிடம் இல்லை.

'நடிக'னில் (1990) வரும் பேபியம்மாவையும் இங்கே சொல்ல வேண்டும். மணமாகாமல் முதுமை எய்திய பெண். முதியவராக வேடம் புனைந்து வரும் இளைஞனை உண்மையென்று நம்பிக் காதல் கொள்கிறாள். காதலுக்கு வயது கடந்த பெண் ஆசைப்படுவதே நகைப்புக்குரியது என்னும் எண்ணத்தின்மேல் கட்டிய நகைச்சுவை இது. வைதிகம் பெண்ணுக்கு விதித்த கட்டுப்பாட்டையே புதுச் சட்டை மாட்டி அழைத்து வருகிறார்கள். முதியவர் குமரியை மணந்தால் தலைவிதி. முதியவள் விரும்பினால் வேடிக்கை! அந்த வேடிக்கைக்கு நடுவே மனோரமா வெட்கப்படுகிறார். கேலிக்கு வெட்கப்படுவதுபோல் நடிக்கவில்லை, மெய்யாகவே பதினெட்டு வயதுப் பெண்ணின் வெட்கம் அது. ஓரிரு நொடிகளுக்கு, சிரிக்க வாய்திறந்தவர்கள் வாயை மூடிக்கொள்ள நேர்கிறது. என் கணிப்பில், ரமாமணிக்கு அடுத்தபடி அவருடைய சிறந்த வேடம் இதுவே. புகழ்பெற்ற தாய் வேடங்கள் இதற்குப் பின்னால்தான் நிற்கும்.

தாய் வேடங்கள் பற்றி எனக்கு மனநிறைவு இல்லை. 1990களில் மனோரமாவின் கண்ணீரைக் கலயத்தில் பிடித்து விற்கத் தொடங்கினார்கள். மகனைத் தெய்வமாக்கும் தாய், மகனுக்காக அடிபடும் தாய், மகன் முன்னால் கதறும் தாய். 'சின்னத்தம்பி'யில் (1991) விதவைத் தாயை அவமதிக்க, விதவைக்கு ஆகாதென்று விலக்கிய வண்ணத்தையே அவள்மேல் வீசத் துணிகிறார்கள். நடிகை நடுங்குகிறார்; அரங்கமும் நடுங்குகிறது. எதற்காக நடுங்கினோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒருத்தியை வன்முறைக்கு உள்ளாக்குவது கொடுமை, ஐயமில்லை. ஆனால் படம் நம்மைக் கலங்கச் சொல்வது வண்ணம் பட்டுவிடுமே என்பதற்காக! வண்ணம் பட்டால் விதவை கெட்டுவிடுவாள் என்ற மூடநம்பிக்கையை மறுக்காமல், அதையே உணர்ச்சிக்கு எரிபொருளாக்கினார்கள். மிக உயர்ந்த நடிப்பு மிகத் தாழ்ந்த கருத்துக்குத் தோள்கொடுக்கும்போது, தீமை இரட்டிப்பாகிறது. திறமையற்ற நடிகை நடித்திருந்தால் நாம் நம்பியிருக்கவே மாட்டோமே!

'புதிய பாதை'யில் (1989) நடித்த முதியவள் வேடத்துக்காகச் சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. அப்போது அவருக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. 2002இல் பத்மஸ்ரீ. துணை! அந்தச் சொல்லைக் கவனியுங்கள். அரசு கண்டெடுத்தபோதும் "துணை" என்ற சொல்லோடுதான் கண்டெடுத்தது. 2006இல் 'இம்சை அரசன் 23ஆம் புலிகேசி'யில் அரசனின் தாயாக, முடியாட்சியின் மடமையை எள்ளிய ஒரு படத்தில் எழுபதை நெருங்கும் வயதில் வந்தார். நகைச்சுவைக்குக் கருத்து வாய்த்த படம் என்பதால் அங்கே அவரைப் பார்ப்பது இனிமையாக இருந்தது. இளமையில் இத்தகைய படங்கள் பத்து கிடைத்திருந்தால் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

திரைப்படங்கள் நம்மிடம் இருக்கின்றன, வேண்டும்போது பார்க்கலாம். நாடகங்கள்? 'மணிமகுட'த்தில் மேடையேறிய மனோரமா, 'உதயசூரிய'னில் தலைவியாகப் பேசிய மனோரமா எப்படி இருந்தார்? மேடை நாடகங்களைப் படம்பிடித்து வைக்கும் வழக்கம் அன்று இல்லை. கண்டவர்கள் கண்களில் மட்டுமே அவை இருக்கின்றன. அக்கண்களுக்கு இன்று எண்பது வயதுக்கு மேல். உங்கள் ஊரிலும் ஒருவர் இருப்பார், திண்ணையிலோ தேநீர்க் கடையிலோ. கொட்டகைக்கு நுழைவுச்சீட்டு என்ன விலை, விளக்கு மின்சாரமா பெட்ரோமாக்ஸா, எந்த வசனத்துக்குக் கூட்டம் எழுந்து நின்றது, தலைவியாக நடித்த அந்தப் பெண் முதன்முதலில் மேடைக்கு வந்தபோது எந்தப் பக்கத்திலிருந்து வந்தாள்... கேளுங்கள், ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவையுங்கள், நாள் குறித்து, ஊர் குறித்து. இந்த விடுமுறைக்கு என் வகுப்புப் பிள்ளைகளிடம் நான் கொடுத்திருக்கும் வேலையும் அதுவே.